சுமப்பவன் காலடிக்குப் பொறுப்பாளி யார்?

(சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளரும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

   

அரசியற் பேச்சைக் கேட்க வந்திருக்கும் உங்கள் முன்னிலையில் இன்று மனிதனுடைய கணுக்காலைப் பற்றிப் பேசப் போகின்றேன். இதிலே அரசியல் எங்கே இருக்கின்றது என்று சிலர் எண்ணக்கூடும். மொழியுரிமை பேசுகின்றோம், நிலவுரிமை பேசுகின்றோம். காலையிலே இரண்டு கால்களோடு வேலைக்குப் போனவன் மாலையிலே அதே இரண்டு கால்களோடு வீடு திரும்புவதும் ஓர் உரிமையே. அவ்வுரிமையைப் பேசாத அரசியல் வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்காகவே முடியும்.

பாரந்தூக்கி சரிந்து விழுந்தால் அது பத்திரிகைச் செய்தியாகின்றது, விசாரணை நடக்கின்றது. ஆனால் மழையில் நனைந்த பலகையிலே ஒருவன் சறுக்கிக் கணுக்காலைப் பிறழ்த்திக்கொண்டால் அது எங்கும் பதியப்படுவதில்லை. பக்கத்தில் நின்றவன் கைகொடுத்துத் தூக்கிவிடுகின்றான். மேற்பார்வையாளர், “பார்த்து நடக்கத் தெரியாதா?” என்கிறார். அவ்வளவோடு விசாரணை முடிந்துவிடுகின்றது. மறுநாள் அந்த மனிதன் வரவில்லை. வேறொருவன் அந்த மூடையைத் தூக்குகின்றான். நாட்கூலிக்காரன் வீட்டிலே எத்தனை நாள் அடுப்பு எரியவில்லை என்பதை எந்தக் கணக்குப் புத்தகமும் சொல்லாது.

“கவனக்குறைவு” என்ற அந்த ஒரு சொல்லையே இன்று உங்கள் முன்னிலையில் நான் குற்றக்கூண்டில் ஏற்ற விரும்புகின்றேன்.

கால் ஏன் பிறழ்கின்றது?

முதலிலே நடப்பது என்ன என்று பார்ப்போம். முன்னாளில் ஓர் அந்தர் என்றோம். அது 112 இறாத்தல், ஏறக்குறைய 51 கிலோ. இன்று சீமெந்துப் பை 50 கிலோ. பெயர் மாறியதேயன்றிப் பாரம் மாறவில்லை. அந்தப் பாரம் முதுகிலும் பிடரியிலும் ஏறியவுடன் மனிதன் முன்னோக்கிக் குனிகின்றான். அவன் கண்ணுக்குத் தெரிவது எதிரிலுள்ள சில அடி நிலமே. பெட்டியை நெஞ்சோடு அணைத்துச் சுமப்பவனுக்கு அதுவும் தெரியாது. தன் பாதத்தையே அவன் காணமாட்டான். “பார்த்து நட” என்று அவனுக்குக் கட்டளையிடுவது, கண்ணைக் கட்டிவிட்டு வாசிக்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

இனிக் கணுக்காலின் அமைப்பு. வெளிப்புறக் கணுவெலும்பு உட்புறக் கணுவெலும்பைவிடச் சற்றுக் கீழே இறங்கியிருக்கின்றது. உட்புறத்தைப் பிணைக்கும் தசைநார் தடித்தது. வெளிப்புறத்து நார்கள் மெலிந்தவை. ஆகவே கால் தடுமாறும்போது பாதம் பெரும்பாலும் உட்பக்கமாகவே மடங்குகின்றது. வெளிப்புற நார் இழுபட்டுக் கிழிகின்றது. வெறுங்கையோடு நடப்பவன் தடுமாறினால் கைகளை வீசிச் சமன்செய்துகொள்வான். சுமையோடு செல்பவனுக்கு அந்தக் கைகளும் இல்லை. தன் உடலின் பாரமும் மூடையின் பாரமும் ஒருசேர அந்த மெல்லிய நாரின் மேல் விழுகின்றன.

இது நிகழும் இடங்களை நீங்கள் அறிவீர்கள். குறிகாட்டுவான் இறங்குதுறையிலே நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் செல்லும் பொருள்கள் மனிதர் கையாலேயே படகுக்கு மாறுகின்றன. ஒரு கால் கல்லிலும் மறு கால் அசையும் படகிலுமாக நிற்கும் அந்தக் கணம் எத்தகையது என்று தீவகத்து மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடல்நீர் படும் படியிலே பாசி பிடிக்கும். சுன்னாகத்திலும் மருதனார்மடத்திலும் சந்தை கூடும் நாளிலே வெங்காயச் சருகும், அழுகிய மரக்கறியும், கழுவிய நீரும் காலடியிலே கலந்து கிடக்கும். சீமெந்துக் கிட்டங்கியிலே ஈரமே இல்லாவிட்டாலும், வழவழப்பான தரையின்மேல் படிந்த தூள் பாதத்தை நழுவச் செய்யும். கொழும்புப் புறக்கோட்டையின் ஒடுங்கிய தெருக்களிலே, மலையகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த இளைஞர் பலர் உட்பட, நாட்டாமிகள் கைவண்டி இழுத்தும் தலையிற் சுமந்தும், மழையிலும் நெரிசலிலும் ஓடுகின்றார்கள்.

பெருந்துறைமுகத்திலோ வேலையின் உருவமே மாறிவிட்டது. 1958 ஆம் ஆண்டிலே கொழும்புத் துறைமுகத்தின் சரக்கு வேலை தனியார் கம்பனிகளிடமிருந்து அரசாங்கக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. 1979 ஆம் ஆண்டில் துறைமுக அதிகாரசபை அமைந்தது. பின்னர் கொள்கலன்கள் வந்தன. மூடை சுமக்கும் வேலை பெரும்பாலும் துறைமுக மேடையை விட்டுக் கிட்டங்கிகளுக்கும் சந்தைகளுக்கும் இடம்பெயர்ந்தது. கொள்கலனுக்கும் தனக்கேயுரிய பொறிகள் உண்டு. அவற்றைப் பிணைக்கும் இரும்புக் கம்பிகளும் பூட்டுகளும் கப்பற்றளத்திலே கிடந்தால், அவற்றை மிதித்தவன் கால் பிறழும். இயந்திரம் வந்ததனால் மனிதனின் கால் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று எவரும் எண்ணவேண்டாம்.

ஒரு வழக்கும் அதன் பாடமும்

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கின்றது? இங்கிலாந்திலே நடந்த ஒரு வழக்கைச் சொல்கின்றேன். 1950 ஆம் ஆண்டிலே ஒரு தொழிற்சாலைக்குள் பெருமழை வெள்ளம் புகுந்தது. தரையின் கால்வாய்களில் ஓடிய எண்ணெய்க் கலவை வெள்ளத்தோடு கலந்து, நீர் வடிந்த பின்னர் தரையெங்கும் வழுவழுப்பாகப் படிந்தது. முதலாளிமார் மரத்தூளைப் பரப்பினார்கள். ஆயினும் தளம் முழுவதையும் மூடுவதற்கு அது போதவில்லை. லட்டிமர் என்னும் தொழிலாளி ஒரு பாரமான பீப்பாவைத் தள்ளுவண்டியில் ஏற்றும்போது சறுக்கினார். பீப்பா அவரது கணுக்காலை நசுக்கியது.

முதல் நீதிமன்றத்திலே அவர் வென்றார், மேன்முறையீட்டிலே தோற்றார். 1953 ஆம் ஆண்டிலே பிரபுக்கள் சபையும் அவருக்கு எதிராகவே தீர்த்தது. முதலாளிமார் நியாயமாகச் செய்யக்கூடியதைச் செய்தனர். அந்த அபாயத்துக்காக முழுத் தொழிற்சாலையையும் மூடும்படி கேட்க இயலாது என்றார்கள். தொழிற்சாலைச் சட்டத்தின் வாசகமோ, தளம் உறுதியாக அமைக்கப்பட்டு ஒழுங்காகப் பேணப்பட வேண்டும் என்பதே. தளம் உடைந்திருந்தால் அது பேணாமை. தளத்தின்மேல் தற்காலிகமாக எண்ணெய் கிடந்தால் அது பேணாமையாகாது என்று பொருள் கொண்டார்கள்.

நண்பர்களே! இதிலிருந்து நாம் கற்கவேண்டியது, “நீதிமன்றம் ஏழைக்கு இல்லை” என்ற சலிப்பன்று. அத்தீர்ப்பு வெளியாகிச் சில ஆண்டுகளிலே அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டத்தின் வாசகத்தையே விரித்தது. இயன்றவரையில் தளங்களிலே தடைகளோ, மனிதரை வழுக்கி விழச்செய்யும் பொருளோ கிடவாமல் வைத்திருக்க வேண்டும் என்ற கடமை 1961 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலே வெளிப்படையாக இடம்பெற்றது. 1992 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளிலும் அக்கடமை தொடர்ந்தது. லட்டிமர் வழக்கிலே தோற்றார். பின்வந்த தொழிலாளர் சட்டத்திலே வென்றார்கள். எண்ணெய் கிடந்தது யார் பொறுப்பு என்பதைத் தீர்மானித்தது ஒரு வசனம். அந்த வசனத்தை எழுதும் கை பாராளுமன்றத்தின் கை. அக்கையை அசைப்பதற்காகவே நாம் அரசியலில் இருக்கின்றோம்.

வேறொரு வழக்கையும் கூறவேண்டும். ஏறத்தாழ அதே காலத்திலே, யன்னல் துடைக்கும் தொழிலாளி ஒருவர் யன்னல் விளிம்பில் நின்று வேலை செய்யும்போது விழுந்தார். “எல்லாரும் வழக்கமாக இப்படித்தான் செய்கின்றார்கள்” என்றனர் வேலை கொண்டவர்கள். அது பிரபுக்கள் சபையில் எடுபடவில்லை. பாதுகாப்பான வேலைமுறையை வகுப்பது முதலாளியின் கடமை. ஆபத்தின் நடுவே நிற்கும் தொழிலாளியின் தலையில் அதைச் சுமத்தலாகாது என்று தீர்ந்தது. 1937 ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் வழக்கிலும், தகுதியான உடன்வேலையாட்கள், போதிய சாதனங்கள், பாதுகாப்பான வேலைமுறை ஆகிய மூன்றும் முதலாளியின் கடமை என்றும், வேறொருவரை நியமித்து அக்கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது என்றும் தீர்ந்தது.

நமது நாட்டின் சட்டம்

நம் நாட்டிலே 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் இருக்கின்றன. பின்னையது இங்கிலாந்தின் 1937 ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாயலிலே ஆனது.

நட்டஈட்டுச் சட்டத்தின் சிறப்பை நம் தொழிலாளர் பலர் அறியார். அங்கே முதலாளியின் குற்றத்தை நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் விபத்து நேர்ந்தது என்று காட்டினால் போதும். “அவன் கவனமாக நடக்கவில்லை” என்று சொல்லி அந்த உரிமையை மறுக்க முடியாது. மதுபோதையில் இருந்தமை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியமை போன்ற சில விலக்குகள் உண்டு. சாதாரணக் கால்தவறுதல் அவற்றுள் ஒன்றன்று.

“நான் நிரந்தர வேலையாள் அல்லவே, எனக்கு ஏது உரிமை?” என்று கேட்கின்றீர்கள். ஒப்பந்தம் கடதாசியில் எழுதப்பட்டிருக்க வேண்டுமென்பதில்லை, வாய்ச்சொல்லும் ஒப்பந்தமே. முதலாளியின் வியாபாரத்துக்காகவே நீங்கள் மூடை சுமந்தீர்களாயின், அன்றாடக் கூலி என்பது மட்டும் உங்களை வெளியே தள்ளிவிடாது. இடையிலே ஒரு கொந்தராத்துக்காரர் நிற்பதனால் மேலேயுள்ளவர் முற்றாகத் தப்பிவிடவும் முடியாது.

குறை எங்கே இருக்கின்றது? தொழிற்சாலைச் சட்டம் தொழிற்சாலையை மையமாக வைத்து எழுதப்பட்டது. சந்தை வாசலிலே லொறித் தட்டில் நிற்பவன் எந்தத் தொழிற்சாலையில் நிற்கின்றான்? புறக்கோட்டைத் தெருவிலே கைவண்டி இழுப்பவனின் தரைக்கு யார் சொந்தக்காரர்? மூடை ஒருவருடையது, லொறி இன்னொருவருடையது, தரை பிரதேச சபையினது. உடைந்த கால் மட்டும் தொழிலாளியுடையது! பொறுப்பு பலராகப் பிரிந்தால் பொறுப்பாளி எவருமில்லை என்றாகிவிடுகின்றது. இந்த இடைவெளியை அடைக்கும் சட்டமே நமது கோரிக்கை.

சருவதேசத் தொழில் தாபனம் 1929 ஆம் ஆண்டிலேயே துறைமுகத் தொழிலாளரின் விபத்துப் பாதுகாப்புக்கென உடன்படிக்கை செய்தது. 1932 இல் அதைத் திருத்தியது. 1979 இல் 152 ஆம் இலக்க உடன்படிக்கையாகப் புதிதாக்கியது. 1981 ஆம் ஆண்டின் 155 ஆம் இலக்க உடன்படிக்கையோ, பாதுகாப்புக்கான செலவு தொழிலாளியின் தலையில் விழலாகாது என்று கூறுகின்றது. 2022 ஆம் ஆண்டிலே அவ்வுடன்படிக்கை அடிப்படை உடன்படிக்கைகளுள் ஒன்றாக உயர்த்தப்பட்டது. அடிப்படை உடன்படிக்கைகளின் கோட்பாடுகளை, ஏற்றுக் கையொப்பமிட்டாலும் இடாவிட்டாலும், உறுப்பு நாடுகள் மதித்தல் வேண்டும். இலங்கை 1948 முதல் அத்தாபனத்தின் உறுப்பு நாடு.

செய்யவேண்டியவை

இனிச் செயலுக்கு வருவோம். காப்புக்கு ஓர் ஒழுங்குமுறை உண்டு. தொழிலாளிக்குப் புத்தி சொல்வதை நாம் முதலில் வைக்கின்றோம். அது கடைசியில் வரவேண்டியது.

முதலாவது, வழுக்கும் பொருள் தரைக்கு வராமற் செய்தல். ஒழுகும் தகரத்தையும் கிழிந்த சாக்கையும் ஏற்றுமுன்பே விலக்கவேண்டும். சிந்தியதை உடனே அள்ளுவதற்கு ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்கவேண்டும். “எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றால் ஒருவரும் பாரார். மணலும் மரத்தூளும் உதவும். ஆனால் கால் படும் இடமெல்லாம் மூடவேண்டும். அள்ளாமல் மூடி மறைப்பது மட்டும் போதாது.

இரண்டாவது, தரையும் பாதையும். சந்தைத் தளத்திலே நீர் தேங்காத சாய்வும் வடிகாலும் வேண்டும். பளபளப்பான தளம் பார்வைக்கு அழகு, சுமப்பவனுக்கு எமன். சொரசொரப்பான தளமே வேண்டும். ஏறும் பலகை ஒரு பாதத்துக்கு அன்றி இரு பாதத்துக்கு இடங்கொடுக்க வேண்டும். குறுக்குச் சட்டங்கள் அறையப்பட வேண்டும். இரு முனையும் நழுவாமற் கட்டப்பட வேண்டும். இறங்குதுறைப் படிகளிலே பாசியைச் சுரண்டுவது பெருநாளுக்கு ஒருமுறை செய்யும் சிரமதானமாக அன்றி வாராந்தக் கடமையாக வேண்டும். விடியுமுன்னே லொறி ஏற்றும் இடத்தில் வெளிச்சம் வேண்டும்.

மூன்றாவது, சுமை. 1967 ஆம் ஆண்டிலே சருவதேசத் தொழில் தாபனம், வளர்ந்த ஆண் ஒருவன் தனியே சுமக்கும் மிகக் கூடிய பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று விதந்துரைத்தது. அது உச்ச எல்லையேயன்றி உகந்த அளவு அன்று. பெண்களுக்கும் இளையோருக்கும் அதனினும் கணிசமாகக் குறையவேண்டும் என்றும் கூறிற்று. விவசாயப் பெருமக்களே! இங்கே உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. மூடையை நிரப்புபவர்கள் நீங்கள். கூலியை மிச்சப்படுத்துவதற்காகச் சாக்கின் வாயைத் தைக்க முடியாதவரை அமுக்கி நிரப்பினால், அந்த மிச்சம் இன்னொருவன் காலிலிருந்து எடுக்கப்படுகின்றது. அவனும் உங்களைப் போலவே மண்ணை நம்பிய குடும்பத்திற் பிறந்தவன். நாளை அவன் உங்கள் மகனாகவும் இருக்கக்கூடும்.

நான்காவது, அவசரம். மூடைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் மனிதன் ஓடுகின்றான். ஈரத் தரையிலே ஓடுபவன் விழுகின்றான். மழை நேரத்துக்கும் இரவு வேலைக்கும் ஆறுதலாக வேலைசெய்ய இடமளிக்கும் கூலிமுறை வேண்டும். லொறியின் பின்தட்டிலிருந்து குதிப்பதை நிறுத்த, ஒரு சிறு படி போதும். இறங்கும்போது இரு கையும் ஒரு காலும், அல்லது இரு காலும் ஒரு கையும், எப்போதும் எதையேனும் பற்றியிருக்க வேண்டும்.

ஐந்தாவது, பாதணி. இறப்பர்ச் செருப்பு மண்ணெண்ணெயிலும் ஈரத்திலும் வாளியில் இட்ட விலாங்கைப் போல் நழுவும். பிடிப்புள்ள அடியும், கணுவைத் தாங்கும் உயரமும் உள்ள சப்பாத்து வேண்டும். அடியின் பள்ளங்களிலே சேறு அடைத்திருந்தால் புதுச் சப்பாத்தும் பழஞ் செருப்பே. கொடுத்தால் அணிவதில்லை என்று முதலாளிமார் குறைகூறுவர். அளவு பாராமல், வெயிலுக்கு ஒவ்வாத மலிவுச் சரக்கை வாங்கிக் கொடுத்தால் யார் அணிவார்? ஆனால் பொருந்தும் சப்பாத்தைக் கொடுத்த பின்னும் அணியாதிருந்தால், தொழிலாளத் தோழர்களே, அது உங்கள் பிழை. உரிமை கேட்கும் வாய் கடமையையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடிபட்டபின்

கால் பிறழ்ந்துவிட்டால் சுளுக்கெடுப்பதாக உடனே இழுத்து உருவுவது தவறு. பாரத்தை இறக்கி, காலை உயர்த்தி, துணியில் சுற்றிய குளிர் வைத்து, அளவாகக் கட்டவேண்டும். நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டால், அல்லது கணுவெலும்பை அழுத்தும்போது நோவு இருந்தால், எக்ஸ்ரே எடுக்கவேண்டும். கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992 இல் வெளியிட்ட இவ்விதியை இன்று உலகெங்கும் கைக்கொள்கின்றனர். ஒருமுறை பிறழ்ந்த கால் மீண்டும் பிறழும். ஆதலால் வீக்கம் வற்றியதும் வேலைக்கு ஓடாமல், ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகும் பயிற்சியைச் சில வாரம் செய்யவேண்டும்.

அடுத்தது பதிவு. எந்நாள், எந்நேரம், எவ்விடம், தரையிலே என்ன கிடந்தது, யார் கண்டார் என்பவற்றை அன்றே ஒரு கொப்பியில் எழுதுங்கள். முதலாளிக்கு உடனே அறிவியுங்கள். மூன்று நாளுக்கு மேல் வேலைக்கு இயலாமற் செய்யும் விபத்தைத் தொழிற்சாலை நடத்துவோர் அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். வைத்தியரிடம் “விழுந்துவிட்டேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள். “வேலையில் விழுந்தேன்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல் ஏட்டில் ஏறாமையால் எத்தனையோ நியாயமான கோரிக்கைகள் நிரூபிக்க வழியின்றிப் போகின்றன.

இங்கு வந்திருக்கும் படித்த பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். வைத்தியர்களே! காயத்தின் காரணத்தைக் கேட்டு எழுதுங்கள். பொறியியலாளர்களே! சந்தைக் கட்டடத்துக்கு வரைபடம் வரையும்போது, மூடையோடு வருபவனை மனத்திற்கொண்டு வரையுங்கள். எழுதுவினைஞர்களே! படிவத்தை நிரப்பத் தெரியாதவனைத் திருப்பி அனுப்பாதீர்கள். என் தொழிலைச் சேர்ந்த சட்டத்தரணிகளே! கணுக்கால் வழக்கு பெரிய பணம் தராது. ஆயினும் அதை ஏற்று நடத்துங்கள்.

மொழியும் இங்கே வந்து நிற்கின்றது. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தினால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. தமிழ்த் தொழிலாளி வேலைசெய்யும் இடத்திலே “வழுக்கும், அவதானம்” என்ற பலகை அவன் வாசிக்க முடியாத மொழியில் மாத்திரம் தொங்குமானால், அது பலகையன்று, சுவரின் அலங்காரம். அவ்வாறே சிங்களத் தோழனுக்கும் அவன் மொழியிலே அறிவித்தல் வேண்டும். ஈரத் தரை இனம் பார்த்து வழுக்குவதில்லை. கொழும்பிலே சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே பலகையிலே நடக்கின்றனர். இந்தக் கோரிக்கையிலும் அவர்கள் ஒன்றாக நிற்கமுடியும்.

ஆகவே மூன்று கோரிக்கைகளை இக்கூட்டத்தின் முன் வைக்கின்றேன். சுமை ஏற்றி இறக்கும் எந்த இடமாயினும், சந்தையோ, இறங்குதுறையோ, கிட்டங்கியோ, லொறித் தட்டோ, வழுக்கும் பொருளும் தடையும் இல்லாமல் வைத்திருக்கும் கடமை ஐயத்துக்கிடமின்றிச் சட்டத்தில் எழுதப்பட வேண்டும். பொருளுக்கும் ஊர்திக்கும் தரைக்கும் உரியவர்கள் அக்கடமைக்குக் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும். ஒவ்வொரு சந்தையிலும் துறையிலும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படும் விபத்துப் பதிவேடு ஒன்று இருத்தல் வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தும்புத்தடி, ஒரு வாளி மணல், பலகையில் அறையும் நான்கு குறுக்குச் சட்டம், ஒரு கொப்பி. இவற்றுக்குப் பாராளுமன்றத்தின் அனுமதி வேண்டுமா? நாளை காலை உங்கள் சந்தையிலே, உங்கள் துறையிலே இவற்றைத் தொடங்குங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கொப்பியோடு வாருங்கள். அதில் எழுதப்பட்டவற்றை ஆதாரமாகக் கொண்டு பிரதேச சபையிடமும், தொழிற் திணைக்களத்திடமும், பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் நாம் ஒன்றாகப் போவோம். ஆதாரத்தோடு வருபவனை எந்த அதிகாரியும் “பார்த்து நடக்கத் தெரியாதா?” என்று கேட்டுத் திருப்பியனுப்ப முடியாது.